11 வருட ஏசி, மூன்றாவது முறையாக கேஸ் குறைந்துவிட்டது: மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

மாடிவீடு:

வணக்கம். நாலு பேரைக் கேட்டால் நாலு விதமாகச் சொல்கிறார்கள். அதனால் இங்கே கேட்கிறேன்.

அம்மா படுக்கும் அறையில் 1.5 டன் ஸ்ப்ளிட் ஏசி இருக்கிறது. வாங்கி 11 வருடம் ஆகிறது. இன்வெர்ட்டர் இல்லாத பழைய வகை. அவுட்டோரில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஆர்-22 என்று கேஸின் வகை போட்டிருக்கிறது. போன வருடத் தொடக்கத்தில் குளிர்ச்சி குறைந்தது. மெக்கானிக் வந்து கேஸ் நிரப்பினார். ஐந்து மாதத்தில் திரும்பவும் அதே கதை, திரும்பவும் நிரப்பினோம். இப்போது மூன்றாவது முறை. இரவு முழுக்க ஓடினாலும் அறை ஆறுவதில்லை. மெக்கானிக், "நிரப்பித் தருகிறேன், ஓடுகிற வரை ஓடட்டும், இல்லையென்றால் மாற்றிவிடுங்கள்" என்கிறார். வீட்டில், "10 வருடம் தாண்டிவிட்டது, தூக்கிப் போடு" என்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஹாலில் ஒரு 1.5 டன், 9 வருடப் பழசு, அதுவும் ஆர்-22. நன்றாகக் குளிரும். ஆனால் சில நாள் அவுட்டோர் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு ஓடாமல் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் ஓடுகிறது. மாற்றுவது என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாமா?

அம்மாவுக்கு வயது 76. இரவில் வியர்த்தால் தூக்கமே போய்விடுகிறது. அதனால் வெறும் பணக் கணக்கு மட்டும் இல்லை.

---

செம்பருத்தி:

மாற்றிவிடுங்கள். 11 வருடம் உழைத்திருக்கிறது, போதும். பெரியவர்கள் படுக்கும் அறையில் எப்போது நிற்குமோ என்று பயந்துகொண்டே ஒரு மெஷினை வைத்திருக்கக் கூடாது. ஹாலில் இருப்பதையும் சேர்த்து மாற்றினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்.

---

குளிர்ப்பெட்டி:

தம்பி, நான் இந்த வேலையில் 20 வருடத்துக்கு மேல் இருக்கிறேன். மாற்றலாமா வேண்டாமா என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. இரண்டு முறை கேஸ் நிரப்பினார்களே, அது எந்த இடத்தில் கசிகிறது என்று யாராவது பார்த்தார்களா?

பெட்ரோல் தீர்வது போல ஏசியில் கேஸ் தீராது. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. கம்ப்ரஸர் அழுத்தும், வெளியே இருக்கும் காயிலில் சூட்டை விட்டுவிட்டு அது திரவமாகும், உள்ளே இருக்கும் காயிலில் ஆவியாகி அறையின் சூட்டை எடுத்துக்கொள்ளும், திரும்பவும் கம்ப்ரஸருக்குப் போகும். கசிவு இல்லாத மெஷினில் 15 வருடம் கழித்தும் முதல் நாள் போட்ட கேஸ் அப்படியே இருக்கும். 'வருடா வருடம் கேஸ் டாப்-அப்' என்று ஒரு வேலையே கிடையாது. குறைகிறது என்றால் ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

அப்புறம், உண்மையிலேயே கேஸ்தான் குறைந்ததா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். ஃபில்டரில் தூசி அடைத்திருந்தாலும், உள் காயிலில் அழுக்குப் படிந்திருந்தாலும் காற்று போகாது. கேஜ் (அழுத்தம் அளக்கும் கருவி) மாட்டிப் பார்த்தால் அப்போதும் பிரஷர் குறைவாகவே காட்டும். அதைப் பார்த்து "கேஸ் இல்லை" என்று நிரப்பிவிடுவார்கள். பிறகு ஒருநாள் ஃபில்டரைக் கழுவியதும் காற்று சரியாகப் போகும், உள்ளே கேஸ் அளவுக்கு மீறி நிற்கும். மிஞ்சிய கேஸ் ஆவியாகாமல் திரவமாகவே கம்ப்ரஸருக்குள் போனால் அதன் உயிருக்கே ஆபத்து. நல்ல கம்ப்ரஸர்கள் இப்படிப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை: ஃபில்டரை எடுத்துக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். ஏசியைப் போட்டு 20 நிமிடம் ஓட விடுங்கள். ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை இன்டோரின் மேலே, காற்று உள்ளே இழுக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்து, காற்று வெளியே வரும் வாயில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் ஏறக்குறைய சரியாக இருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் ஏதோ கோளாறு. வெளியே தாமிரக் குழாய் சேரும் நட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். கேஸோடு எண்ணெயும் சேர்ந்தே சுற்றுவதால், கசியும் இடத்தில் பிசுக்கு நிற்கும். (கையை வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.)

ஹால் ஏசியை மாற்றுவது பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். நீங்கள் சொல்லும் முனகலுக்குப் பெரும்பாலும் கெபாசிட்டர்தான் காரணம். கம்ப்ரஸரைக் கிளப்பி விடுகிற சின்ன உருளை அது. வருடம் ஆக ஆக அதன் மைக்ரோஃபாரட் (மின்சாரத்தைத் தேக்கும் அளவு) குறையும். கிளப்ப முடியாமல் கம்ப்ரஸர் முனகும், சூடாகும், உள்ளே இருக்கும் பாதுகாப்பு அதை நிறுத்திவிடும். ஆறினதும் திரும்ப ஓடப் பார்க்கும். அரை மணி நேர வேலை. ஆனால் தள்ளிப் போடாதீர்கள். முனகும்போது சாதாரணமாக எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் கம்ப்ரஸர் சுற்றில் பாயும். அடிக்கடி நடந்தால் கம்ப்ரஸரே எரிந்துவிடும். அதை நீங்களாகக் கழற்றவும் வேண்டாம். அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

---

நீலவானம்:

குளிர்ப்பெட்டி அண்ணா சொன்னது மெஷினின் கணக்கு. மீட்டரின் கணக்கை நான் சொல்கிறேன். 'எத்தனை வயது' என்பதைப் போலவே 'வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது' என்பதும் முக்கியம். அதை யாரும் கேட்பதில்லை.

1 டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யூ (சூட்டை அளக்கும் ஓர் அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட் குளிர்ச்சி. 1.5 டன் என்றால் 5.3 கிலோவாட். பழைய மெஷினின் திறன் 2.6 என்று வைப்போம் (1 யூனிட் மின்சாரத்துக்கு 2.6 யூனிட் அளவு சூட்டை வெளியே தள்ளும் என்று பொருள்). இரவு 8 மணி நேரம் போட்டிருக்கும்போது அதில் 60 சதவீத நேரம் கம்ப்ரஸர் ஓடுகிறது என்றால் சுமார் 25 யூனிட் அளவு சூட்டை அது வெளியேற்ற வேண்டும். அதற்குப் பழைய மெஷின் 9.7 யூனிட் எடுக்கும். சராசரித் திறன் 4.5 உள்ள இன்வெர்ட்டர் 5.6 யூனிட்டில் அதே வேலையைச் செய்யும். ஓர் இரவுக்கு 4.1 யூனிட் மிச்சம். வருடத்துக்கு 200 இரவு என்றால் 820 யூனிட்.

இதே மெஷின் விருந்தினர் அறையில் வருடத்துக்கு 60 நாள், தினம் 2 மணி நேரம் மட்டும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 62 யூனிட்தான். மெஷினும் ஒன்று, வயதும் ஒன்று. முதல் அறையில் மாற்றினால் போட்ட பணம் சில வருடங்களில் திரும்பலாம். இரண்டாவது அறையில் புது மெஷினே பழசாகித் தேய்ந்தாலும் திரும்பாது.

புது மெஷினின் விலையை உங்கள் ஒரு யூனிட் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். எத்தனை யூனிட் மிச்சமானால் முதல் திரும்பும் என்று தெரியும். உபயோகம் கூடினால் கட்டணம் படிப்படியாக ஏறும் முறை உங்களுக்கு இருந்தால், மேல் படியின் கட்டணத்தைப் போடுங்கள். மிச்சமாவது அந்த மேல் யூனிட்கள்தான்.

என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நீங்களே அளந்து பாருங்கள். ஏசி போட்ட ஓர் இரவு, போடாத ஓர் இரவு, படுக்கும்போதும் எழுந்ததும் வீட்டு மீட்டரைக் குறித்துக் கழித்தால் போதும்.

---

வேம்பு:

நானும் ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கு உதவும். எங்கள் வீட்டிலும் ஆர்-22 மெஷின் இருந்தது. கேஸ் நிரப்ப வந்தவர், "ஆர்-22 கிடைப்பது கஷ்டம், புது கேஸ் போடுகிறேன், எல்லாம் ஒன்றுதான்" என்று ஆர்-410ஏ போட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் பயங்கரச் சத்தம், அடிக்கடி நிற்கும். ஒரு மாதத்தில் கம்ப்ரஸர் போய்விட்டது. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: ஆர்-410ஏ-வின் அழுத்தம் ஆர்-22-ஐ விட ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல். அதற்கு வேறு கம்ப்ரஸர், வேறு எண்ணெய். நல்ல மெஷின் ஒன்று வீணாகப் போனதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. லேபிளில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும். சிலிண்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகே வால்வைத் திறக்க விடுங்கள்.

---

குளிர்ப்பெட்டி:

வேம்பு சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஆர்-32-ஐயும் ஆர்-290-ஐயும் பழைய மெஷினில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆர்-290 என்பது சுத்தப்படுத்திய புரொப்பேன். சமையல் வாயுவின் ஜாதி. அதற்காகவே வடிவமைத்த, அளவு குறைத்து நிரப்பிய மெஷினில் அது அருமையான கேஸ். வேறு மெஷினில் போட்டால், கசிந்து ஒரு பொறி பட்டாலே தீ.

ஆர்-22 ஏன் கிடைப்பதில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். அது ஓசோன் படலத்தை அரிக்கும். 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் படிப்படியாக நிறுத்துகிறார்கள். வளர்ந்த நாடுகளில் 2020-இல் நின்றுவிட்டது, மற்ற நாடுகளுக்கு 2030 கெடு. பழைய மெஷின்களின் சர்வீஸுக்கு மட்டும் அதன் பிறகும் கொஞ்ச காலம் சிறிய அளவு அனுமதி. ஆக, ஆர்-22 மெஷினில் கேஸ் சுற்றுக்குள் பெரிய வேலை வந்தால், 'இனி இதற்கு கேஸ் கிடைக்குமா' என்பதும் கணக்கில் சேர்கிறது. இதைத் தவிர, ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால் புவி சூடாவதற்கு அது ஏறத்தாழ 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கசியும் என்று தெரிந்தே நிரப்புவதற்கு எனக்குக் கை வருவதில்லை.

---

மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி. சொன்னதை எல்லாம் செய்து பார்த்தேன்.

ஃபில்டரில் அவ்வளவாகத் தூசி இல்லை. கழுவி மாட்டி 20 நிமிடம் கழித்து அளந்தேன். உள்ளே போகும் காற்று 30 டிகிரி, வெளியே வருவது 25. வித்தியாசம் 5 தான். வெளியே நட்டுகளில் பிசுக்கு இல்லை, காய்ந்து சுத்தமாக இருக்கின்றன. இன்டோர் காயிலின் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பனி படிகிறது.

மீட்டர்: ஏசி இல்லாத இரவு 2 யூனிட், ஏசி போட்ட இரவு 15. ஆக ஏசிக்கு மட்டும் 9 மணி நேரத்தில் 13 யூனிட். நீலவானம் போட்ட கணக்கைவிடக் கூடுதலாக இருக்கிறதே?

அம்மா அறை ஏசி வருடத்தில் எட்டு மாதம் தினமும் ஓடுகிறது. ஹால் ஏசி வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் ஓடினால் அதிகம்.

---

நீலவானம்:

கேஸ் குறைந்த மெஷின் நிற்காமல் ஓடுவதால்தான் அந்த 13. நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தால் அது வழக்கத்தைவிடக் குறைவான கரண்ட்தான் எடுக்கும். ஆனால் அறை செட் பண்ணிய அளவுக்குக் குளிர்ந்தால்தானே கம்ப்ரஸர் ஓய்வெடுக்கும்? விடிய விடிய ஓடுகிறது. அதனால் இந்த 13-ஐப் புது மெஷினோடு ஒப்பிடக் கூடாது. பழுது பார்த்தாலே இது 11 யூனிட் பக்கம் இறங்கிவிடும். 'பழுது பார்த்த பழசு' எதிராக 'புதுசு' என்றுதான் கணக்குப் போட வேண்டும். விற்பனைக்காரர்கள் நோய்ப்பட்ட மெஷினின் எண்ணை வைத்துத்தான் மிச்சம் காட்டுவார்கள்.

---

குளிர்ப்பெட்டி:

ஒரு பக்கம் மட்டும் பனி, வித்தியாசம் 5, காற்று தாராளமாகப் போகிறது. கேஸ் குறைவுதான், சந்தேகம் இல்லை. வெளி நட்டுகளில் பிசுக்கு இல்லை என்பதால் உள் காயில் மேல்தான் என் சந்தேகம்.

உள் காயிலில் வருகிற ஓட்டை ஊசி முனையைவிடச் சின்னது. தாமிரத்தை எறும்புப் புற்று போல உள்ளுக்குள்ளேயே குடைந்து போகிற ஓர் அரிப்பு உண்டு. வீட்டுக்குள் இருக்கும் பெயிண்ட், பசை, துடைக்கும் திரவங்கள், புது மரச்சாமான் இவற்றிலிருந்து வரும் ஆவி ஈரத்தில் கரைந்து மெல்லிய அமிலமாகிக் காயிலில் தங்கும். காயில் எப்போதும் நனைந்தே இருப்பதால் அரிப்பு ஓயாது. ஓர் இடத்தில் ஓட்டை தெரிந்தால், இன்னும் பத்து இடத்தில் அது தயாராகிக்கொண்டிருக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட காயிலில் ஒட்டுப் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. இதை அடைத்தால் ஆறு மாதத்தில் பக்கத்தில் திறக்கும்.

ஆனால் ஊகத்தில் முடிவெடுக்க வேண்டாம். இன்டோரையும் அவுட்டோரையும் பிரித்து, தனித்தனியாக நைட்ரஜன் அடைத்து, ஓர் இரவு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எதில் அழுத்தம் காட்டும் முள் இறங்குகிறதோ அதில் ஓட்டை. அதற்கு முன், மிச்சம் இருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் ரெக்கவரி மெஷினால் காலி சிலிண்டரில் பிடித்துவைக்க வேண்டும். "அதெல்லாம் எதற்கு, நிரப்பிப் பார்ப்போம்" என்பவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

கசிவு நட்டிலோ வெளிக் குழாய் ஜாயின்டிலோ என்றால், 11 வருடமானாலும் சரி செய்து ஓட்டுங்கள். கம்ப்ரஸர் நல்ல நிலையில் இருந்தால் இன்னும் மூன்று நான்கு வருடம் வரும். உள் காயில் என்றால், அதே மாடலுக்குப் புதுக் காயில் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்து, மொத்தச் செலவு புது மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றால் யோசிக்கலாம். பலர் 'பாதி விலை' என்று ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். அது ஐந்து வருட மெஷினுக்குச் சரி, 11 வருட மெஷினுக்கு ரொம்பத் தாராளம். கம்ப்ரஸரே என்றால் கேட்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

---

காற்றாடி:

மாற்றுவதற்கு முன் அறையையும் ஒரு பார்வை பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நான் செய்த தவறு அது.

எங்கள் மாடி அறை மேற்குப் பார்த்தது. சாயங்காலம் சுவரில் கை வைக்க முடியாது. 1.5 டன் போதவில்லை, மெஷின் கிழடாகிவிட்டது என்று முடிவு கட்டி 2 டன் வாங்கினேன். பத்து நிமிடத்தில் அறை ஜில்லென்று ஆகும், உடனே கம்ப்ரஸர் நின்றுவிடும். ஆனால் உடம்பில் பிசுபிசுப்பு போகவில்லை, போர்வை நமத்துப்போன மாதிரி இருக்கும். காரணம், ஏசி காற்றில் உள்ள ஈரத்தை எடுக்க வேண்டும் என்றால் காயில் தொடர்ந்து குளிர்ந்து, நீர் திரண்டு சொட்ட நேரம் வேண்டும். அளவுக்குப் பெரிய மெஷின் அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. நிற்பதும் ஓடுவதுமாக மாறி மாறிப் போனால் மெஷினும் சீக்கிரம் தேயும். கடைசியில் என்ன செய்தேன்? மேற்கு ஜன்னலுக்கு வெளியே தடுப்பு, மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு, கதவிடுக்கில் ரப்பர் பட்டை. இதை முதலிலேயே செய்திருந்தால் பழைய 1.5 டன்னே இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஜன்னலுக்கு உள்ளே போடும் திரைச்சீலையைவிட வெளியே போடும் தடுப்புக்குப் பலன் அதிகம். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு தடுத்தால், சூடு பெரும்பாலும் அறைக்குள்ளேதான் தங்கும்.

---

செம்பருத்தி:

நான் முதலில் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். ஹால் ஏசி விஷயத்தில் குளிர்ப்பெட்டி சொல்வதுதான் சரி. ஆனால் அம்மா அறை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

என் மாமியார் படுத்த படுக்கையாக இருந்த நாட்களில் அவர் அறை ஏசி ஒரு நடு இரவில் நின்றது. சரியான வெயில் காலம். எல்லோருடைய ஏசியும் நிற்கிற காலமும் அதுதானே? மூன்று நாள் மெக்கானிக் கிடைக்கவில்லை. நாலாம் நாள் கடையில் இருந்ததில் ஏதோ ஒன்றை வாங்கி மாட்டினோம். திறனும் பார்க்கவில்லை, அளவும் பார்க்கவில்லை. மாட்டியவரும் அன்று பத்து வீட்டு வேலையை வைத்துக்கொண்டு ஓடினார். அந்த அவசரத்தின் விலையை அடுத்த எட்டு வருடம் கரண்ட் பில்லில் கட்டினோம். அந்த மூன்று இரவு அத்தை பட்ட பாடு தனி.

அதனால் பழசு ஓடும்போதே, குளிர் மாதத்தில், நிதானமாகப் பார்த்து மாற்றுவதற்கு ஒரு மதிப்பு உண்டு. அது யூனிட் கணக்கில் வராது.

---

நீலவானம்:

அக்கா, இதை நான் முழுதாக ஒத்துக்கொள்கிறேன். என் கணக்கில் அந்த மூன்று இரவுக்கு இடமே இல்லை.

---

அல்லி:

இடையில் ஒரு சந்தேகம். புது இன்வெர்ட்டர் ஏசிகளில் பிசிபி (உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு) அடிக்கடி போகிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே? எங்கள் எதிர்வீட்டில் நாலு வருடத்தில் இரண்டு முறை போர்டு மாற்றினார்கள். பழைய மெஷின் என்றால் ஒரு கெபாசிட்டரோடு முடிந்துவிடும். மின்சாரத்தில் மிச்சம் பிடித்து போர்டுக்குக் கொடுப்பதென்றால் என்ன லாபம்?

---

குளிர்ப்பெட்டி:

நியாயமான பயம். பழைய மெஷினில் கம்ப்ரஸர் ஒன்று முழு வேகத்தில் ஓடும், இல்லையென்றால் நிற்கும். இன்வெர்ட்டரில் தேவைக்கு ஏற்ப வேகம் கூடிக் குறையும். அந்த வேலையைச் செய்வது போர்டு. ஆக அது இல்லாமல் அந்த மிச்சமும் இல்லை. போர்டைக் கெடுப்பவை பெரும்பாலும் மூன்று: வோல்டேஜ் எகிறுவது, ஈரமும் உப்புக் காற்றும், அப்புறம் அவுட்டோருக்குள் புகும் பல்லியும் எறும்பும். ஒரு பல்லி இரண்டு தடத்தை இணைத்துவிட்டால் முடிந்தது கதை. மூடி திருகு எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா, வயர் நுழையும் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று மாட்டும் அன்றே பாருங்கள். நல்ல எர்த் இணைப்பும் சர்ஜ் பாதுகாப்பும் வையுங்கள்.

வாங்கும்போது கம்ப்ரஸருக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நீங்கள் போர்டுக்கும் காயிலுக்கும் எத்தனை வருடம் என்று கேளுங்கள். அது பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும்.

---

மாடிவீடு:

நைட்ரஜன் சோதனை முடிந்தது. ரெக்கவரி மெஷின் வைத்திருக்கும் ஆளைத் தேடிப் பிடிக்கவே நாலு நாள் ஆயிற்று. அவுட்டோரில் காலை வரை முள் அசையவில்லை. இன்டோரில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. சோப்பு நுரை போட்டுக் காட்டினார். காயிலின் வளைவில் இரண்டு இடத்தில் நுரை பொங்கியது. அண்ணா, நீங்கள் பார்க்காமலே சொன்னீர்கள்.

இந்த மாடலுக்கு உள் காயில் இப்போது வருவதில்லையாம். பழைய மெஷினிலிருந்து கழற்றிய ஒன்று இருக்கிறது என்றார், வேண்டாம் என்றுவிட்டேன்.

ஹால் ஏசியின் கெபாசிட்டரையும் அளந்தார். 35 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டியது 22 காட்டியது. மாற்றியதும் முனகல் இல்லாமல் ஒரே தட்டில் கிளம்புகிறது. அது அப்படியே இருக்கட்டும்.

அம்மா அறைக்குப் புதுசு என்று முடிவு செய்துவிட்டோம், ஆர்-32 இன்வெர்ட்டர். காற்றாடி சொன்னதைப் படித்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தேன். மேற்கு ஜன்னல் ஒன்று இருக்கிறது; வெளியே மூங்கில் தட்டி கட்டியாயிற்று. டன்னைக் கூட்டவில்லை, அதே 1.5. ஒரே கேள்வி: சுவருக்குள் பதித்திருக்கும் பழைய தாமிரக் குழாயை அப்படியே பயன்படுத்தலாமா? சுவரை உடைக்க மனம் வரவில்லை.

---

குளிர்ப்பெட்டி:

முடிந்தால் புதுக் குழாய். காரணம் இரண்டு. ஆர்-22 மெஷினில் பெரும்பாலும் மினரல் எண்ணெய் இருக்கும், புது மெஷினில் செயற்கை எண்ணெய்; குழாயில் மிஞ்சிய பழைய எண்ணெய் ஆர்-32-ஓடு சரியாகக் கலக்காது. அப்புறம், ஆர்-32-உம் கிட்டத்தட்ட ஆர்-410ஏ அளவுக்கு அழுத்தம் உள்ளது. குழாயின் கனம் அதைத் தாங்குமா என்று தெரிய வேண்டும்.

சுவரை உடைக்கவே முடியாது என்றால், புது மெஷினின் மானுவலில் சொல்லியிருக்கும் குழாய் அளவும் கனமும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போனால் குழாயை ஃபிளஷ் செய்து, இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாக ஃபிளேர் போட்டு (நட்டுக்குள் உட்காரும்படி முனையை விரித்து), நைட்ரஜன் அடைத்துக் கசிவு பார்த்த பிறகு மாட்டலாம். ஒத்துப்போகாவிட்டால் சுவருக்கு வெளியே புதுக் குழாய் போட்டு மூடி வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் நாளைக்குக் கசிந்தால் கைக்கு எட்டும்.

மாட்டும் அன்று நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். வேக்குவம் பம்ப் போடாமல், அவுட்டோரில் உள்ள கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் குழாயில் உள்ள காற்றைத் தள்ளுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. காற்றில் ஈரம் இருக்கும். அந்த ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரஸரைத் தின்னும். வேக்குவம் 500 மைக்ரானுக்கு (குழாயில் மிஞ்சிய அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கி, பம்பை நிறுத்திய பிறகும் ஏறாமல் நிற்க வேண்டும். 12 வருடம் வர வேண்டிய மெஷின் 5 வருடத்தில் போவதற்கு, நான் பார்த்த வரை, மாட்டிய விதம்தான் பெரும்பாலும் காரணம்.

பழைய மெஷினிலிருந்து பிடித்த ஆர்-22-ஐப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். சுத்தமாக இருந்தால் ஹால் ஏசிக்கு என்றாவது தேவைப்படும்.

---

மாடிவீடு:

மாட்டி இரண்டு வாரம் ஆகிறது. குழாய் அளவு ஒத்துப்போகவில்லை, சுவருக்கு வெளியேதான் புதுசு போட்டோம். வேக்குவம் பம்ப் 40 நிமிடம் ஓடியது. வேக்குவம் மீட்டர் 420 மைக்ரானில் நின்றதைப் பார்த்த பிறகுதான் வால்வைத் திறக்கச் சொன்னேன்.

26 டிகிரியில் வைத்து, மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் விட்டிருக்கிறோம். 9 மணி நேரத்துக்கு 6 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், நேற்று 5.8. தட்டி கட்டியதற்கும் அதில் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். முதல் இரவு அம்மா நடுவில் எழுந்து, "ஏசி ஓடுதா, நின்னு போச்சா? சத்தமே இல்லையே" என்று கேட்டார். ஓடுகிறது என்று சொன்னதும் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார்.

---

குளிர்ப்பெட்டி:

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஹால் ஏசியின் கெபாசிட்டரை அடுத்த வருட சர்வீஸிலும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள், மறக்காமல்.